பினாங்கு லக்சா பிடிக்கவில்லை என்றால் சண்டை போடத்தான் வேண்டுமா?

தம்பி, மற்றவர்களும் படிப்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கோலாலம்பூர் செந்தூலில் வளர்ந்து, வேலைக்காகப் பினாங்கு வந்தவர். நண்பர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில், இங்கத்திய மீ (நூடுல்ஸ்) உணவான லக்சாவைப் பற்றி, "பினாங்கு லக்சா, புளித்த மீன் குழம்பில் மீ போட்ட மாதிரி இருக்கிறது, இதை ரசிக்கிறவர்களுக்கு நாக்கே கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து நாள் கணக்கில் சண்டை. அதே குழுவில் கணினியில் டோட்டா என்ற விளையாட்டை ஆடுகிறவர்கள் கைப்பேசியில் விளையாடுகிறவர்களை மட்டம் தட்டுவதும், காமிக்ஸ் ரசிகர்கள் டெக்ஸ், டைகர் என்ற இரண்டு நாயகர்களில் யார் உசத்தி என்று மோதிக்கொள்வதும் வாடிக்கையாம். முடிவில் யாராவது ஒருவர் "ரசனை அவரவர் விருப்பம்" என்று சொல்லி எல்லாருடைய வாயையும் அடைத்துவிடுகிறார். அது சரியான பதில்தானா, ரசனையைப் பற்றிப் பேசுவதே வீணா, லக்சாவை இன்னொரு முறை சாப்பிட்டுப் பார்க்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

நான் பிறையில் ஒரு மசாலாத்தூள் ஆலையில் சுவைப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ரசனை வேறுபாடுதான் என் அன்றாடப் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"ரசனை அவரவர் விருப்பம்" என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை மறைப்பதால்தான் சண்டை அடங்காமல் மறுபடி மறுபடி கிளம்புகிறது. நாம் ரசனைச் சண்டை என்று நினைப்பதில் பெரும்பகுதி ரசனையைப் பற்றியதே இல்லை.

ஹொக்கியன் மீயை எடுத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் அந்தப் பெயர் சொன்னால் கறுப்புச் சோயா ஊற்றி, பன்றிக் கொழுப்புப் போட்டு, கரி அடுப்பில் பிரட்டி எடுத்த தடித்த மீ வரும். பினாங்கில் அதே பெயருக்கு இறால் தலையை வதக்கிக் கொதிக்க வைத்த சிவந்த சூப்பில் மீ வரும். இந்த இரண்டில் எது நல்ல ஹொக்கியன் மீ என்று இரண்டு ஊர்க்காரர்கள் மணிக்கணக்கில் வாதாடி நான் பார்த்திருக்கிறேன். இருவரும் ஒரே உணவைப் பற்றிப் பேசவில்லை. லக்சாவிலும் இதில் பாதி இருக்கிறது. உங்களுக்கு லக்சா என்றால் தேங்காய்ப்பாலும் கெராங் சிப்பியும் தௌஃபூ சோயாக்கட்டியும் போட்ட கறி லக்சா. இங்கே அதற்குக் கறி மீ என்று பெயர், லக்சா என்றால் புளி லக்சா. நீங்கள் தேங்காய்ப்பாலை எதிர்பார்த்து வாயைத் திறந்தீர்கள், உள்ளே புளி போனது. அந்த முதல் வாயில் வந்த வெறுப்பில் எவ்வளவு லக்சாவால் வந்தது, எவ்வளவு எதிர்பார்ப்பால் வந்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்காது.

இன்னொரு வகைச் சண்டை, தகவலைப் பற்றியது. 2018-இல் பிரிட்டனின் மாஸ்டர்செஃப் நிகழ்ச்சியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மலேசியாவில் பிறந்த போட்டியாளர் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறும் கோழி ரெண்டாங்கும் செய்து வைத்தார். கோழித்தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் குறை சொன்னார். அந்தப் போட்டியாளர் வெளியேற்றப்பட்டார். ரெண்டாங் யாருடையது என்று வழக்கமாகத் தங்களுக்குள் மோதிக்கொள்ளும் மலேசியர்களும் இந்தோனேசியர்களும் அன்றைக்கு ஒரே பக்கம் நின்றார்கள். பொதுத்தேர்தல் நெருங்கிய நேரம் அது. எதிரெதிர் அணியில் இருந்த அப்போதைய பிரதமர் நஜிப்பும் முன்னாள் பிரதமர் மகாதீரும்கூட இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

இங்கே "ரசனை அவரவர் விருப்பம்" என்று சொல்லி நடுவரை விட்டுவிட முடியுமா? முடியாது. தேங்காய்ப்பாலிலும் அரைத்த மசாலாவிலும் வற்ற வற்ற வேகவைப்பதுதான் ரெண்டாங். குழம்பிலேயே வெந்த தோல் எப்படி மொறுமொறுக்கும்? அவர் "எனக்கு மொறுமொறுப்பான தோல்தான் பிடிக்கும்" என்று மட்டும் சொல்லியிருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க முடியாது. அதை அந்தச் சமையலின் குறையாகச் சொன்னதுதான் தப்பு. தன் விருப்பத்தை எடுத்து அடுத்தவர் வேலையின் மேல் அளவுகோலாக வைத்தார். உங்கள் குழுச் சண்டைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம்.

எங்கள் தொழிலில் இந்த இரண்டையும் கலக்கவே கூடாது என்று கண்டிப்பான விதி உண்டு. அதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

எங்களிடம் இரண்டு வகையான ஆட்கள் ருசி பார்க்கிறார்கள். முதல் வகை, பயிற்சி பெற்றவர்கள். தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகளில் தனித்தனியாக உட்காருவார்கள். மேலே சிவப்பு விளக்கு எரியும், குழம்பின் நிறத்தைப் பார்த்து நாக்கு ஏமாறக்கூடாது என்பதற்காக. எதிரே மூன்று கிண்ணம். ஒவ்வொன்றிலும் மூன்று இலக்க எண் மட்டும்தான் இருக்கும். ஒன்று, இரண்டு என்றோ அ, ஆ என்றோ எழுதினால் முதலில் இருப்பதுதான் நல்லது என்று மனம் நினைத்துக்கொள்ளும். இரண்டு கிண்ணத்தில் ஒரே தூள், ஒன்றில் வேறு தூள். எது வேறு என்று சொல்ல வேண்டும். இடையிடையே வெறும் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைக் காட்டினாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும் என்பதால், பல பேரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் முடிவுக்கு வருவோம். வித்தியாசம் தெரிந்த பிறகு விவரிக்கச் சொல்வோம். மல்லி போதுமான அளவு வறுபட்டிருக்கிறதா, மஞ்சளில் பச்சை வாடை இருக்கிறதா, காரம் நாக்கு நுனியில் சுள்ளென்று வந்து போகிறதா அல்லது தொண்டையில் போய் நிற்கிறதா, கடைசியில் காறல் தட்டுகிறதா. இவர்களிடம் "பிடித்திருக்கிறதா?" என்று மட்டும் கேட்கவே மாட்டோம்.

இரண்டாவது வகை, எந்தப் பயிற்சியும் இல்லாத வாடிக்கையாளர்கள். அவர்களிடம் கேட்பது அந்த ஒரே கேள்விதான்: எவ்வளவு பிடித்திருக்கிறது? ஒன்றிலிருந்து ஒன்பது வரை குறிக்க வேண்டும். ஒன்று என்றால் அறவே பிடிக்கவில்லை, ஐந்து நடுநிலை, ஒன்பது மிக மிகப் பிடித்திருக்கிறது. அமெரிக்க ராணுவச் சிப்பாய்களின் சாப்பாட்டுக்காக 1940-களின் கடைசியில் உருவாக்கத் தொடங்கிய அளவுகோல் இது, இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. இவர்களிடம் ஏன் பிடித்தது என்று துருவிக் கேட்பதில் ரொம்பக் கவனமாக இருப்போம். கேட்டால் ஏதாவது ஒரு காரணத்தை அந்த நேரத்தில் உண்டாக்கிச் சொல்லிவிடுவார்கள், அதை அவர்களே நம்பியும்விடுவார்கள்.

பயிற்சிக் குழு எந்தக் குறையும் காணாத தூளுக்கு வாடிக்கையாளர்கள் நாலு மதிப்பெண் போட்டது உண்டு. மஞ்சள் பச்சையாகவே இருக்கிறது என்று இவர்கள் சொன்ன தூளுக்கு அவர்கள் எட்டுப் போட்டதும் உண்டு. இரண்டு தாளும் உண்மையைத்தான் சொல்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றதைப் பொய்யாக்க முடியாது. "இது நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது" என்பதும் "இது எனக்குப் பிடிக்கிறது" என்பதும் வெவ்வேறு வாக்கியங்கள். முதலாவதை வாதாடலாம், சாட்சி காட்டலாம், தோற்கலாம், ஜெயிக்கலாம். இரண்டாவதை அப்படியே ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

பினாங்கின் டுரியான் வியாபாரிகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சீசனில் பாலிக் பூலாவ் பக்கம் போய்ப் பாருங்கள். பழத்தில் கத்தியை வைக்கும் முன்பே, இனிப்பு வேண்டுமா கசப்பு வேண்டுமா என்று கேட்பார்கள். எது சிறந்தது என்று பாடம் எடுக்க மாட்டார்கள். இனிப்பு என்றால் சிவப்பு இறால் என்று பெயர் வாங்கிய டி175-ஐ எடுப்பார், கசப்பு என்றால் கையை வேறு குவியலுக்கு நீட்டுவார். அது உங்கள் விருப்பம், அங்கே பேச்சுக்கே இடமில்லை. ஆனால் முந்திய நாள் மழையில் நனைந்து சுளை நீர்த்துப்போயிருந்தால் நீங்கள் முகத்தைச் சுளிக்கலாம், அவரும் மறுபேச்சில்லாமல் வேறு பழம் வெட்டுவார். ஏனென்றால் அது பழத்தின் குறை, உங்கள் நாக்கின் விருப்பம் கிடையாது. முசாங் கிங்குக்கு வெளிநாட்டில் மவுசு ஏறிய பிறகு, அதைப் பிடிக்காதவருக்கு டுரியானே தெரியாது என்று பேசுகிற பழக்கம் வந்திருக்கிறது. டி197 என்று 1993-இல் பதிவான அந்த வகை அருமையான பழம்தான். விலை அதிகம் என்பதற்காக எல்லா நாக்கும் அதற்குத் தலையாட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சரி, விருப்பம் ஏன் ஆளுக்கு ஆள் இவ்வளவு மாறுகிறது?

ஒரு காரணம், நாக்குகள் உண்மையிலேயே வேறு வேறு. 1931-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு தூளை ஜாடியில் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர், வாயெல்லாம் கசக்கிறது என்று புகார் சொன்னார். தூளுக்கு இன்னும் அருகில் நின்ற ஃபாக்ஸுக்கு ஒரு சுவையும் தெரியவில்லை. கசக்கிறது, இல்லை என்று இருவரும் வாதாடிவிட்டு, அதே தூளை நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்குக் கடுங்கசப்பு, மற்றவருக்கு ஒன்றுமே இல்லை. ஃபாக்ஸ் அதோடு விடாமல் கிடைத்தவர்களிடமெல்லாம் கொடுத்துப் பார்த்தார், உலகமே அப்படி இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அதற்குப் பின்னால் இருக்கும் மரபணுவை 2003-இல் கண்டுபிடித்தார்கள். முட்டைக்கோஸ் குடும்பத்துக் காய்களின் கசப்பு சிலருக்கு மட்டும் தூக்கலாகத் தெரிவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு. கொத்தமல்லித் தழை சோப்பு மாதிரி வாடை அடிக்கிறது என்று சொல்கிறவர்களைக் கிண்டல் செய்கிறோமே, அவர்களில் ஒரு பங்கினருக்கும் மோப்ப மரபணுவில் வித்தியாசம் இருப்பதாக 2012-இல் ஆய்வு வந்தது. அது மட்டுமே காரணமில்லை, ஆனாலும் அவர்கள் பாசாங்கு செய்யவில்லை.

ஃபாக்ஸும் அவர் பக்கத்தில் இருந்தவரும் சண்டையை எப்படி முடித்தார்கள் என்பதையும் கவனியுங்கள். ஒரே தூளை இருவரும் வாயில் போட்டார்கள். நம் குழுச் சண்டைகளில் நடக்காதது அதுதான். நீங்கள் சாப்பிட்டது ஏதோ ஒரு பேரங்காடி உணவகத்தில், சண்டைக்கு வந்தவர் மனசில் இருப்பது பினாங்கின் ஆயர் ஈத்தாமில் சின்ன வயதில் சாப்பிட்ட கிண்ணம். எழுத்தில் இரண்டும் "லக்சா" என்றே விழுகிறது.

இன்னொரு காரணம் வளர்ப்பு. கர்ப்ப காலத்தில் கேரட் சாறு குடித்துவந்த தாய்மார்களின் குழந்தைகள், பின்னால் கேரட் ருசியுள்ள உணவை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டதாக 2001-இல் ஓர் ஆய்வு வெளியானது. பிறப்பதற்கு முன்பே அம்மாவின் சமையல் நம் வாய்க்குள் வந்துவிடுகிறது. அப்புறம் பழக்கம்: திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதன் மீது பிடிப்பு வளர்கிறது என்று ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-இலேயே காட்டினார். நம் வீடுகளில் நெத்திலிச் சம்பலும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த வாடை வீட்டு வாடை. வெளியாள் மூக்கைப் பிடித்தால் அந்தப் பிள்ளைக்கு வலிக்கும். அது குழம்பைப் பற்றிய வலி மட்டும் இல்லை, அடுப்பங்கரையில் நின்ற அம்மாவைப் பற்றியதும்கூட. "இதை ரசிக்கிறவர்களுக்கு நாக்கே கிடையாது" என்ற உங்கள் வரி பினாங்குப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

உங்கள் வாக்கியத்தின் முதல் பாதியை நான் குறை சொல்ல மாட்டேன். "புளித்த மீன் குழம்பில் மீ" என்பது ஓரளவுக்குத் துல்லியமான வர்ணனைதான். புளியும் கெம்போங் மீனும்தானே அதன் உயிர். எங்கள் பயிற்சிக் குழுவில் ஒருவர் அப்படி எழுதிக்கொடுத்தால் தாளை வாங்கி வைத்துக்கொள்வேன். கெடுத்தது இரண்டாம் பாதி. அதில் கிண்ணத்தை விட்டுவிட்டு, சாப்பிடுகிற ஆளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள்.

கேம் சண்டைக்கும் இதே கணக்குப் பொருந்தும். டோட்டா ஆடுகிறவர், கைப்பேசியில் ஆடும் மொபைல் லெஜண்ட்ஸ் ஒரு விளையாட்டே இல்லை என்கிறார். டோட்டாவில் ஓர் ஆட்டம் முக்கால் மணி நேரம் இழுக்கும், எதிரிக்குக் காசு போகாமலிருக்கத் தன் படைவீரனைத் தானே வெட்டும் நுணுக்கம்வரை கற்றுக்கொள்ள வருஷக்கணக்கில் ஆகும். கைப்பேசி ஆட்டம் கால் மணி நேரத்தில் முடியும், கட்டைவிரல் போதும், நல்ல கணினி வாங்கக் காசில்லாத பிள்ளையும் ஆடலாம். ரவாங்கிலிருந்து கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே வருகிறவருக்கு எது சரிப்படும்? ஆழம் எதில் அதிகம் என்று தாராளமாக வாதாடலாம், என் பார்வையில் டோட்டாவில்தான் அதிகம். ஆழம் அதிகமானதைத்தான் எல்லாரும் விரும்ப வேண்டும் என்பது வேறு பேச்சு, அதற்கு ஆதாரமே கிடையாது. புக்கிட் ஜாலில் அக்சியாத்தா அரங்கில் 2018 நவம்பரில் டோட்டாவின் கோலாலம்பூர் மேஜர் போட்டி நடந்தது. மறு வருஷம் நவம்பரில் அதே அரங்கில் மொபைல் லெஜண்ட்ஸின் முதல் உலகப் போட்டி. இரண்டுக்கும் தொண்டை கிழியக் கத்தினார்கள் ரசிகர்கள்.

கேமில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது ஆடாமலே தீர்ப்புச் சொல்வதில். 2020 ஜூனில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் வெளியானது. ஆடி முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வெளியான அன்றே ஆயிரக்கணக்கானவர்கள் மெட்டாகிரிட்டிக் என்ற விமர்சன மதிப்பெண் தளத்தில் பூஜ்யம் போட்டுவிட்டார்கள். எதிர்த்தரப்பு பதிலுக்குப் பத்துப் போட்டது. இரண்டு பக்கத்திலும் பெரும்பாலோர் கேமை முடித்திருக்கவே முடியாது. அந்த வருஷமே மெட்டாகிரிட்டிக், ஒரு கேம் வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் பயனர் மதிப்பெண் போடலாம் என்று விதி கொண்டுவந்தது. வாயில் வைக்காமல் துப்புகிறவரோடு ருசியைப் பற்றிப் பேச ஒன்றுமே இல்லை. அவரிடம் பதில் சொல்லி நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

டெக்ஸ், டைகர் வழக்கு தமிழ்க் காமிக்ஸ் வாசகர்களிடம் பழைய வழக்கு. 1948-இல் இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லர் கறுப்பு வெள்ளையில் பாய்கிறவர். எத்தனை கதை வந்தாலும் அவர் நேர்மையும் குறியும் மாறாது, மாறவும் கூடாது. அந்த உறுதிக்காகத்தான் வாசகர் கையில் எடுக்கிறார். நாம் கேப்டன் டைகர் என்று கூப்பிடும் ப்ளூபெர்ரி 1963-இல் பிரெஞ்சில் தொடங்கிய வண்ணத் தொடர். அவர் பொய் சொல்வார், சீட்டாடுவார், அவமானப்பட்டு ராணுவத்தை விட்டு ஓடுவார், ஆல்பத்துக்கு ஆல்பம் மாறுவார். டெக்ஸிடம் போய் நீ ஏன் மாறவில்லை என்று கேட்பது, ரெண்டாங்கிடம் மொறுமொறுப்புக் கேட்ட கதைதான். ஒரு டெக்ஸ் கதையை இன்னொரு டெக்ஸ் கதையோடு வைத்து, இதில் துரத்தல் காட்சி தொய்கிறது, அதில் ஓவியர் குதிரைகளை அற்புதமாக வரைந்திருக்கிறார் என்று பேசுங்கள். அந்தப் பேச்சில் இரண்டு பேருமே ஏதாவது கற்றுக்கொள்வார்கள்.

அதனால்தான் "ரசனை அவரவர் விருப்பம்" என்று கதவைச் சாத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சண்டையை நிறுத்துகிற அவசரத்தில் அவர்கள் பேச்சையே நிறுத்திவிடுகிறார்கள். நண்பர் ஒருவர் இந்தக் குழம்பில் மிளகு கடைசியில் தட்டிப் போடப்பட்டிருக்கிறது, கவனித்துப் பார் என்று சொன்ன பிறகு அது நம் வாய்க்கும் தெரிய ஆரம்பிக்கிறது இல்லையா? சொல்லிச் சொல்லித்தான் நாக்கு தேறுகிறது. எங்கள் பயிற்சிக் குழுவே அதற்குச் சாட்சி. யாரும் அந்த நாக்கோடு பிறக்கவில்லை.

குழுவை விட்டு வெளியேற வேண்டாம். "நாக்கே கிடையாது என்று எழுதியது தப்பு, மன்னிச்சிருங்க. புளி லக்சா எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நல்ல கடைக்கு யாராவது கூட்டிட்டுப் போங்கண்ணே" என்று எழுதுங்கள். பினாங்குக்காரரிடம் இப்படிக் கேட்டால் மறுக்க மாட்டார்.

போனதும், கெட்டியான கறுப்பு இறால் விழுது இருக்கிறதே, ஹேகோ, அதைத் தனியாகக் கரண்டியில் தரச் சொல்லுங்கள். முதலில் அது இல்லாமல் வெறும் குழம்பை இரண்டு வாய் குடியுங்கள். புளிப்பும் மீனும் மட்டும் தெரியும். அது பிடிக்கவில்லை என்றால் சிக்கல் அடித்தளத்திலேயே இருக்கிறது. அது பரவாயில்லை என்றால் மேலே கிடக்கும் புங்கா கந்தான் பூவையும் புதினாவையும் கலந்து சாப்பிடுங்கள். பலருக்கு உறுத்துவது அந்தப் பூவின் வாசனைதான், மீன் இல்லை. கடைசியில் ஹேகோவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் முகம் சுளிக்கிறது என்று தெரிந்துவிடும். அதைக் குழுவில் எழுதுங்கள், உபயோகமான பதில் வரும். இவ்வளவுக்கும் பிறகும் பிடிக்கவில்லையென்றால் பாலிக் பூலாவுக்குப் போங்கள். அங்கே புளி லக்சா விற்கும் கடைகளிலேயே தேங்காய்ப்பால் ஊற்றிய சியாம் லக்சாவும் கிடைக்கும், அதில் ஒரு கிண்ணம் சொல்லுங்கள்.